பெர்முடாவில் பிறந்தவர் எந்த நாட்டுக் கணக்கு? காலனிகளுக்கு விசாக் கோட்டா பிரித்த கதை

"அமெரிக்கக் கிரீன் கார்டில் நாட்டுக்கு இத்தனை என்று ஒரு வரம்பு இருக்கிறது. பெர்முடா, கேமன் தீவுகள், ரீயூனியன் மாதிரி இன்னொரு நாட்டின் கீழ் இருக்கிற இடங்களுக்குத் தனியாகக் கொடுப்பார்களா, இல்லை பிரிட்டன், பிரான்ஸ் பங்கிலிருந்து எடுப்பார்களா? இதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?" இதுதான் கேள்வி.

இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. பெர்முடாவில் பிறந்த ஒருவருக்கு விசா கொடுத்தால் அது பெர்முடாவுக்கென்று இருக்கிற சின்ன வரம்பிலும் ஏறும், பிரிட்டனுடைய பெரிய வரம்பிலும் ஏறும். முடிவு செய்வது அமெரிக்க காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம். பெர்முடாவிடமோ லண்டனிடமோ யாரும் கேட்பதில்லை. எதை வைத்து என்றால், மக்கள்தொகையை வைத்து இல்லை, எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்பதை வைத்தும் இல்லை. 1952-ல் சட்டத்தில் நுழைத்த ஒரு விதி, அதை 1965, 1976, 1986, 1990 என்று நான்கு முறை திருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான் அடிப்படை. அந்த விதி ஏன் வந்தது என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இன்றைய கணக்கு. குடும்ப வழியில் வருடத்துக்கு 2,26,000, வேலை வழியில் 1,40,000, கூட்டினால் 3,66,000. இதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அதாவது 25,620. ஒரு நாட்டின் கடல்கடந்த சார்புப் பகுதி என்றால் 2 சதவீதம், 7,320. அமெரிக்கக் குடிமக்களின் கணவன், மனைவி, மணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள், அவர்களுக்கு வரம்பு கிடையாது.

நம் ஊர் இடஒதுக்கீட்டை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம்தான் வரும். அங்கே இத்தனை இடம் இவர்களுக்கு என்று எடுத்து வைக்கிறார்கள். இங்கே யாருக்கும் எதையும் எடுத்து வைப்பதில்லை, இதற்கு மேல் கிடையாது என்கிற உச்சவரம்பு மட்டும்தான். பெர்முடாவில் இருப்பதே சுமார் 64,000 பேர். அவர்களுக்காக 7,320 விசா காத்துக்கொண்டு இருக்காது, யாரும் கேட்காவிட்டால் அந்த விசாக்கள் வரிசையில் இருக்கிற மற்றவர்களுக்குப் போய்விடும். நூற்று நாற்பது கோடி பேர் இருக்கிற இந்தியாவுக்கும் அதே 25,620, நான்கு லட்சத்தைத் தொடாத ஐஸ்லாந்துக்கும் அதே 25,620. வேலை வழி வரிசையில் நம் ஆட்கள் வருடக்கணக்கில் ப்ரையாரிட்டி தேதியை (வரிசையில் தங்கள் இடத்தைக் காட்டும் தேதி) பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதன் காரணம் இந்தச் சமத்துவம்தான். எண்ணைச் சமமாக வைத்துவிட்டார்கள், யாரை எந்த எண்ணில் ஏற்றுவது என்பதில்தான் எல்லா விளையாட்டும் நடக்கிறது. காலனிகள் விஷயத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

1924-க்குப் போவோம். அந்த வருடச் சட்டம் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து, அப்போது அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு நாட்டுக்காரர்களின் எண்ணிக்கையில் 2 சதவீதம் என்று கோட்டா வைத்தது. 1929-ல் இருந்து 'தேசிய மூலம்' என்று வேறு கணக்கு போட்டார்கள். அதில் பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் சேர்த்து 65,721, ஜெர்மனிக்கு 25,957, இத்தாலிக்கு 5,802. மொத்தமே ஒன்றரை லட்சம் சொச்சம். எந்த நாடாக இருந்தாலும் குறைந்தபட்சம் 100. ஆசியர்கள் 'குடியுரிமை பெறத் தகுதியற்ற இனம்' என்ற பெயரில் ஏறக்குறைய முழுதாகவே வெளியே.

கரீபியனுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. மேற்கு அரைக்கோளத்தில் இருக்கிற சுதந்திர நாடுகளுக்குக் கோட்டாவே கிடையாது. மெக்சிகோ, கனடா, கியூபா, ஹைத்தி எல்லாம் அப்படி. ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் சுதந்திர நாடுகள் இல்லையே, அதனால் அவர்களைப் பிரிட்டன் கணக்கில் ஏற்றினார்கள். அது அவர்களுக்கு நல்லதாகவே முடிந்தது, ஏனென்றால் பிரிட்டனின் 65,721 நிரம்புவதே இல்லை. வெள்ளையர்கள் நிறைய வரட்டும் என்று தாராளமாக வைத்த எண்ணுக்குள் கரீபியனின் கறுப்பின மக்கள் சட்டப்படியே வந்தார்கள். ஆட்சி செய்கிற நாட்டின் கணக்கில் சேர்த்தது தண்டனை மாதிரித் தோன்றினாலும், கணக்கில் இடம் காலியாக இருந்தவரை அது சலுகையாகத்தான் வேலை செய்தது.

அமெரிக்காவுக்குச் சொந்தமாகவும் ஒரு பெரிய காலனி இருந்தது, பிலிப்பைன்ஸ். அதன் கதை இன்னும் விசித்திரம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியதும்கூட. 1898-ல் ஸ்பெயினிடமிருந்து எடுத்துக்கொண்ட பிறகு பிலிப்பினோக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவும் இல்லை, வெளிநாட்டவராகவும் இல்லை. 'நேஷனல்' என்று இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலை. 1924 சட்டம் ஆசியாவையே அடைத்தபோதும் இவர்களை அடைக்க முடியவில்லை. ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கும் கலிஃபோர்னியா பண்ணைகளுக்கும் தாராளமாகப் போய் வந்தார்கள். ஜப்பானியர் வரவு நின்றுபோன பிறகு தோட்ட முதலாளிகளுக்கு இவர்கள்தான் கை. அப்புறம் பொருளாதார மந்தம் வந்தது, அதற்கு முன்பே வெள்ளைத் தொழிலாளர்களுக்கு எரிச்சல், 1930 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் பிலிப்பினோக்களைத் தேடித் தேடி அடித்தார்கள்.

ஆட்களை நிறுத்த வேண்டும், ஆனால் சொந்தக் காலனிக்காரனை எப்படி வெளிநாட்டவன் என்பது? வழி கண்டுபிடித்தார்கள். 1934 மார்ச்சில் கையெழுத்தான டைடிங்ஸ்-மெக்டஃபி சட்டம் பிலிப்பைன்ஸுக்குப் பத்து வருட இடைக்காலத்துக்குப் பிறகு சுதந்திரம் தருவதாகச் சொன்னது. அதே சட்டத்துக்குள்ளேயே குடியேற்ற விஷயத்துக்கு மட்டும் பிலிப்பைன்ஸை உடனடியாகத் தனி நாடாகக் கருத வேண்டும் என்றும், அதற்கு வருடக் கோட்டா 50 என்றும் எழுதிவிட்டார்கள். ஐம்பது! உலகத்தில் எந்த நாட்டுக்கும் குறைந்தபட்சம் நூறு என்று தாங்களே வைத்த விதியில் பாதி. கொடி அமெரிக்கக் கொடிதான், விசுவாசம் அமெரிக்காவுக்குத்தான், கப்பல் ஏறும்போது மட்டும் அந்நியன். சுதந்திரம் பின்னால் வரும், அந்நியனாவது மட்டும் உடனே.

அதிலும் ஒரு உள்விதி. ஹவாய்க்கு மட்டும் போகிறவருக்கு இந்தக் கோட்டா பொருந்தாது. அங்கே எத்தனை பேர் வரலாம் என்பதை உள்துறை, ஹவாய்த் தொழில்களின் ஆள் தேவையைப் பார்த்து முடிவு செய்யும். வந்தவர் அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குள் நுழையக்கூடாது. அதாவது கோட்டா என்பது கொள்கை, கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்பது அதைவிடப் பெரிய கொள்கை. அதே காலத்தில் ஸ்பெயினிடமிருந்து சேர்ந்தே வந்த போர்ட்டோரிக்கோவுக்கு 1917-ல் குடியுரிமையே கொடுத்துவிட்டிருந்ததால் அவர்களுக்குக் கோட்டா என்ற பேச்சே இல்லை. ஒரே போரில் கிடைத்த இரண்டு தீவுப் பகுதிகள், ஒன்றுக்கு வரம்பே இல்லை, இன்னொன்றுக்கு ஐம்பது. 1946-ல் பிலிப்பைன்ஸ் சுதந்திரம் அடைந்தபோது அந்த 50, 100 ஆனது. அதே 1946 ஜூலையில்தான் லூஸ்-செல்லர் சட்டத்தின் மூலம் இந்தியர்களுக்கும் முதல்முறையாக வருடம் 100 என்று கிடைத்தது.

இப்போது அந்த 1952 விதிக்கு வருவோம். மெக்காரன்-வால்டர் சட்டம் என்பார்கள். அதிபர் ட்ரூமன் ஜூன் 25 அன்று வீட்டோ செய்தார், இரண்டே நாளில் காங்கிரஸ் அதைத் தாண்டி நிறைவேற்றியது. இனத்தைச் சொல்லிக் குடியுரிமை மறுப்பதை இந்தச் சட்டம் எடுத்துவிட்டது, அது நிஜம். ஆனால் காலனிகள் பகுதியில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரு காலனியிலோ சார்புப் பகுதியிலோ பிறந்தவர் ஆளும் நாட்டின் கோட்டாவில்தான் வருவார், ஆனால் ஒரு காலனிக்கு வருடத்தில் 100 பேருக்கு மேல் கூடாது. பிரிட்டன் கோட்டாவில் பல ஆயிரம் இடம் காலியாகக் கிடந்தாலும் ஜமைக்காவுக்கு நூறுதான். பார்படோஸுக்கு நூறு, டிரினிடாடுக்கு நூறு. ஹாங்காங்குக்கும் நூறு.

இந்த விதியில் கறுப்பினம் என்ற வார்த்தையே வராது. காலனி என்று மட்டும் எழுதியிருக்கும். ஆனால் அன்று பிரிட்டனின் பெரிய கோட்டாவைப் பயன்படுத்திக்கொண்டிருந்த காலனி மக்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெம் பகுதியின் பிரதிநிதி ஆடம் கிளேட்டன் பவல் போன்றவர்கள் காங்கிரஸிலேயே எதிர்த்தார்கள், பலிக்கவில்லை. என் பார்வையில் இருபதாம் நூற்றாண்டுக் குடியேற்றச் சட்டங்களில் இதைவிடச் சாமர்த்தியமாக எழுதிய பாகுபாடு குறைவு. எல்லாக் காலனிக்கும் ஒரே எண் என்றால் பார்க்கிறவருக்கு நியாயமாகத்தானே தெரியும்.

ஆசிய வம்சாவளியினருக்கு வேறு கணக்கு. ஆசிய-பசிபிக் முக்கோணம் என்று வரைபடத்தில் ஒரு எல்லை போட்டு, அதற்குள் வேர் உள்ளவர் எங்கே பிறந்திருந்தாலும், வம்சாவளியில் பாதி அங்கிருந்து வந்திருந்தால்கூட, அந்த மூதாதையர் நாட்டின் கோட்டாவில்தான் ஏற்றுவோம் என்றார்கள். மற்ற எல்லோருக்கும் பிறந்த இடம், இவர்களுக்கு மட்டும் ரத்தம். இதில் நம் ஆட்களும் மாட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்காலிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கரும்பு வெட்டப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்தாலும், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராவிட்டாலும், சட்டப்படி அவர்கள் இந்தியாவின் அந்த நூற்றுக்குள். டிரினிடாட், கயானா இந்திய வம்சாவளியினருக்கும் அதே கதிதான்.

அமெரிக்கக் கதவு நூறாகச் சுருங்கியதும் கரீபியன் மக்கள் பிரிட்டன் பக்கம் திரும்பினார்கள். 1948 பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டப்படி காலனி மக்கள் அங்கே தடையில்லாமல் நுழையலாம். கரீபியன் மக்களை ஏற்றிக்கொண்டு எம்பையர் விண்ட்ரஷ் கப்பல் 1948-லேயே பிரிட்டனுக்கு வந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் அமெரிக்கச் சட்டமே காரணம் என்று சொன்னால் மிகை. ஆனால் ஐம்பதுகளில் அந்த வரவு பெருகியதில் 1952-க்குப் பங்கு உண்டு என்று இதை ஆராய்ந்தவர்கள் பலர் சொல்கிறார்கள். பத்து வருடத்தில் பிரிட்டனும் 1962 சட்டத்தைப் போட்டுக் கதவைச் சாத்த ஆரம்பித்தது.

சரி, சுதந்திரம் கிடைத்தால் நூறு போய்விடுமா? 1962 ஆகஸ்டில் ஜமைக்காவும் டிரினிடாடும் சுதந்திரம் அடைந்தன. மேற்கு அரைக்கோள சுதந்திர நாடுகளுக்குக் கோட்டா இல்லை என்றுதானே மேலே சொன்னேன். ஆனால் சட்டத்தில் விலக்குப் பெற்ற தீவு நாடுகளைப் பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள், அதற்கப்புறம் மத்திய, தென் அமெரிக்க சுதந்திர நாடுகள் என்று பொதுவாக. புதிதாகப் பிறந்த கரீபியன் நாடு இரண்டிலும் இல்லை. 1963 ஜூலையில் கென்னடி காங்கிரஸுக்கு அனுப்பிய குடியேற்றச் செய்தியில் இதைத் தனியாகக் குறிப்பிட்டு ஜமைக்கா, டிரினிடாடுக்கும் அந்த விலக்கைக் கொடுங்கள் என்று கேட்டார். அது நடந்தது 1965-ல், லிண்டன் ஜான்சன் சுதந்திர தேவி சிலையடியில் கையெழுத்திட்ட சட்டத்தில்தான்.

1965 சட்டம் இனக் கணக்கை ஒழித்தது என்று புகழ்வார்கள், ஒழித்தது, சந்தேகமில்லை. ஆனால் காலனிக்குத் தனி வரம்பு என்பதை அப்படியே வைத்துக்கொண்டது. கிழக்கு அரைக்கோள நாடு ஒவ்வொன்றுக்கும் 20,000, காலனிக்கு அதில் ஒரு சதவீதம், 200. 1976-ல் அது 600. 1986-ல் 5,000. 1990-ல் 2 சதவீதம், அதாவது இன்றைய 7,320.

இந்த எண்கள் எவ்வளவு அர்த்தமில்லாதவை என்று தெரிய வேண்டுமானால் 1983-ஐப் பாருங்கள். செப்டம்பர் 19 அன்று கரீபியனில் செயின்ட் கிட்ஸ்-நெவிஸ் சுதந்திரம் அடைந்தது. மக்கள்தொகை அரை லட்சத்துக்கும் குறைவு. முந்தின நாள் வரை வரம்பு 600, மறுநாள் 20,000. விரும்பினால் மூன்றே வருடத்தில் நாடே காலியாகலாம், அப்படி ஒரு வரம்பு. அதே நாளில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஹாங்காங்குக்கு 600தான், ஏனென்றால் அது இன்னும் காலனி. மக்கள் எத்தனை பேர், அமெரிக்காவில் உறவினர் எத்தனை பேர், யாருக்கு அவசரம் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வருவதேயில்லை.

ஹாங்காங்குக்கு அதன்பிறகு நடந்தது வேறு ரகம். 1997-ல் சீனாவிடம் திரும்பப் போகிறது என்று முடிவாகிவிட்டது, 1989-ல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தைச் சீன ராணுவம் நசுக்கியது, அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அங்கே பெரிய அலுவலகங்கள். உடனே 1990 சட்டத்தில் ஹாங்காங்கைக் காலனியாகப் பார்க்காமல் தனி நாடாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள், முதல் மூன்று நிதியாண்டுகளுக்கு 10,000, அதன்பிறகு மற்ற நாடுகளுக்குள்ள முழு வரம்பு. போதாததற்கு அங்கே இருக்கும் அமெரிக்க நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் குடும்பத்தினருக்கும் அதே மூன்று வருடம் வருடத்துக்கு 12,000 தனியாக. விசா வாங்கியவர் உடனே கிளம்ப வேண்டாம், 2002 ஜனவரி வரை கையில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சலுகை. கம்பெனி ஆட்கள் ஒரேயடியாக ஓடிவிடக்கூடாது, அதே சமயம் ஓட வழி இருக்கிறது என்ற தெம்பு அவர்களுக்கு வேண்டும், இதுதான் எண்ணம். ஐந்து வருடத்தில் 600-லிருந்து தனி நாடு! எல்லாக் காலனிக்கும் ஒரே விதி என்று நாற்பது வருடம் சொன்னவர்கள் தேவைப்பட்டதும் எவ்வளவு சுலபமாக மாற்றினார்கள் பாருங்கள். தைவான் விஷயத்திலும் 1981-ல் இப்படித்தான், சீனாவிலிருந்து பிரித்துத் தனியாக 20,000.

பிரிட்டன் தன் சொந்தக் காலனிக்கு என்ன செய்தது? 1990-ல் ஹாங்காங்குக்கென்றே ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. 50,000 குடும்பத் தலைவர்களுக்கு முழு பிரிட்டிஷ் குடியுரிமை, கூடவே மனைவி அல்லது கணவன், பிள்ளைகள். அந்த ஐம்பதாயிரத்தைப் பிரித்த விதம் படிக்கவே சுவாரஸ்யம். பொதுத் தொழில்களில் இருப்பவர்களுக்கு 36,200, போலீஸ் போன்ற சீருடைப் பணிகளுக்கு 7,000, அரசு ரகசியங்களோடு தொடர்புள்ள பணிகளில் இருந்தவர்களுக்கு 6,300, பெரிய தொழிலதிபர்களுக்கு 500. வயது, அனுபவம், படிப்பு, ஆங்கிலம் என்று மதிப்பெண் போட்டு ஆளுநர் பரிந்துரைப்பார். நீண்ட காலம் ஆண்ட ஒரு ஊரின் மக்களில் யார் பிரிட்டிஷ் என்பதை மதிப்பெண் அட்டையில் தீர்மானித்தது அது. மற்றவர்களுக்கு வசிக்கும் உரிமை இல்லாத ஒரு பாஸ்போர்ட். முப்பது வருடம் கழித்து, 2021 ஜனவரி கடைசியில், அதே பாஸ்போர்ட் தகுதி வைத்திருந்தவர்களுக்குக் கோட்டாவே இல்லாமல் விசாவைத் திறந்துவிட்டார்கள். அரசியல் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதைத் தவிர இரண்டுக்கும் நடுவே பெரிய தத்துவ வேறுபாடு எதையும் நான் காணவில்லை.

அதற்கு முன்னாலும் லண்டன் எண் பிரித்திருக்கிறது. 1962 சட்டத்தின் கீழ் வேலை வவுச்சர் முறை, அதாவது வேலைக்கு வர அனுமதிச் சீட்டு. 1965-ல் வெள்ளை அறிக்கை போட்டு வருடத்துக்கு 8,500 வவுச்சர் என்று சுருக்கினார்கள், அதில் 1,000 மால்ட்டாவுக்கு என்று தனியாக எடுத்து வைத்தார்கள். மால்ட்டா முந்தின வருடம்தான் சுதந்திரம் அடைந்திருந்தது, அதன் பிழைப்பே பிரிட்டிஷ் ராணுவத் தளத்தை நம்பி இருந்தது, தளத்தைக் குறைக்கிறார்கள் என்பதால் ஒரு ஆறுதல். இது நிஜமான ஒதுக்கீடு, உச்சவரம்பு இல்லை. 1968-ல் கென்யாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஆசியர்களைத் தடுக்க மூன்றே நாளில் சட்டம் போட்டபோது அவர்களுக்கு வருடம் 1,500 குடும்பத் தலைவர் வவுச்சர் என்று வைத்தார்கள். சொந்தக் குடிமக்களுக்கே கோட்டா! இன்று மிச்சமிருக்கிற கடல்கடந்த பகுதிகளில் பிரச்சினை தீர்ந்துவிட்டது, 2002-ல் பெர்முடா, கேமன், செயின்ட் ஹெலினா மக்களுக்கெல்லாம் முழு பிரிட்டிஷ் குடியுரிமை கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் மொத்தமே சில லட்சம் என்பதால் அந்தத் தாராளம் சுலபமாக வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நியூசிலாந்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே கோடு எங்கே விழுகிறது என்பது தெளிவு. குக் தீவுகள், நியுவே, டோக்கலாவ் மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள், வரம்பு கிடையாது. முன்பு அதே நியூசிலாந்து ஆண்டு, 1962-ல் சுதந்திரம் கொடுத்த சமோவாவுக்குக் குலுக்கல் முறையில் வருடக் கோட்டா, நெடுங்காலம் அது 1,100.

மறுபடி அமெரிக்கா. கேள்வியில் கேட்காத ஒரு விஷயம், ஆனால் நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள்: டைவர்சிட்டி விசா, அதாவது கிரீன் கார்டு லாட்டரி. மேலே சொன்ன 2 சதவீதக் கணக்கு இதற்குப் பொருந்தாது. இதில் சார்புப் பகுதி ஆளும் நாட்டின் அங்கமாகவே கருதப்படும். ஐந்து வருடத்தில் 50,000 பேருக்கு மேல் அனுப்பிய நாட்டுக்கு லாட்டரியில் இடம் இல்லை. பிரிட்டன் பல வருடங்கள் அந்தப் பட்டியலில் இருந்தது, அதனால் அந்த வருடங்களில் பெர்முடா, கேமன், ஜிப்ரால்டர், மொன்செராட் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கவில்லை. மொன்செராட்டில் எரிமலை வெடித்துப் பாதித் தீவு சாம்பலில் மூடிப்போன பிறகும், பிரிட்டனிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள் என்பதால் அந்தத் தீவுக்காரருக்குப் பல வருடங்கள் லாட்டரி இருக்கவில்லை. வட அயர்லாந்துக்கு மட்டும் அதே சட்டத்தில் தனி நாட்டு அந்தஸ்து! ஐரிஷ் அமெரிக்க அரசியல்வாதிகளின் கைவண்ணம், வேறு என்ன. பிரான்ஸ், நெதர்லாந்து தகுதியுள்ள வருடங்களில் ரீயூனியனில் பிறந்தவரும் குராசாவில் பிறந்தவரும் அந்த நாடுகள் பெயரில் போடலாம். மக்காவ் 1999-ல் சீனாவிடம் போய்விட்டது, ஆனாலும் லாட்டரிக்கு மட்டும் அது போர்ச்சுகல் கணக்கு, ஐரோப்பா வட்டாரம். ஹாங்காங்கோ 2020-ல் டிரம்ப் போட்ட உத்தரவுக்குப் பிறகு 2022-ம் ஆண்டு லாட்டரியிலிருந்து சீனாவோடு சேர்ந்து வெளியே. அறுபது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கிற இரண்டு ஊர்கள், ஒருவர் ஐரோப்பியர், இன்னொருவர் சீனர். ஒவ்வொரு வருடமும் விதிமுறை அறிவிப்பில் நாட்டுப் பட்டியல் மாறும், பழைய பட்டியலை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இனி உங்களுக்கு உதவக்கூடிய பகுதி. கணக்கு எப்போதும் பிறந்த இடத்தை வைத்து, பாஸ்போர்ட்டை வைத்து இல்லை. கேமனில் வேலை பார்த்த தமிழ்த் தம்பதிக்கு அங்கே பிறந்து, இந்தியப் பாஸ்போர்ட்டோடு வளர்ந்த பெண், பின்னாளில் அமெரிக்காவில் வேலை வழியில் விண்ணப்பித்தால் இந்தியா வரிசையில் நிற்கமாட்டார். கேமனுக்கான 7,320-லும் பிரிட்டனின் 25,620-லும் அவர் பெயர் ஏறும், இரண்டும் இன்று நிரம்புவதில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடுகிற விசா புல்லட்டினில் தனிப் பெயர் போட்டு வரிசை வைத்திருப்பது இந்தியா, சீனா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் போன்ற ஒரு சில நாடுகளுக்குத்தான், சார்புப் பகுதி எதுவும் இல்லை. இதே தர்க்கத்தில் மலையகத்தில் பிறந்து, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்று நீலகிரிக்கு வந்தவர் இலங்கைக் கணக்கு. ரங்கூனில் பிறந்து அறுபதுகளில் திரும்பியவர் பர்மா கணக்கு. ஆனால் 1950-ல் பிரெஞ்சுக் கொடியின் கீழ் பாண்டிச்சேரியில் பிறந்தவர் பிரான்ஸ் கணக்கு ஆகமாட்டார், அந்த இடம் இன்று யாரிடம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

க்ராஸ் சார்ஜபிலிட்டி என்று நம்மவர்கள் பேசிக்கொள்வது இதன் தொடர்ச்சி. கணவர் மதுரையில் பிறந்தவர், மனைவி பெர்முடாவில் பிறந்தவர் என்றால், இருவரும் சேர்ந்து குடியேறும்போது கணவரையும் மனைவியின் பிறந்த இடத்துக் கணக்கில் ஏற்றக் கேட்கலாம், முதன்மை விண்ணப்பதாரர் கணவராக இருந்தாலும். பிள்ளைகளைப் பெற்றோரில் யாருடைய கணக்கிலும் ஏற்றலாம். தலைகீழாக நடக்காது: பிள்ளை கேமனில் பிறந்தது என்பதற்காக அப்பா அம்மா இந்தியா வரிசையிலிருந்து வெளியே வர முடியாது. பெற்றோரில் யாருமே பிறக்காத, பிள்ளை பிறந்த நேரத்தில் வசிக்கவும் செய்யாத ஒரு ஊரில், பயணத்தின் நடுவே பிறந்துவிட்டால், அந்தப் பிள்ளையைப் பெற்றோரின் பிறந்த நாட்டுக் கணக்கில் ஏற்றவும் சட்டத்தில் இடம் இருக்கிறது, நம் ஆட்களுக்கு அது பெரும்பாலும் உதவாது.

இதில் எதுவும் தானாக நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் போடும்போதே பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் வைத்து, எந்த நாட்டுக் கணக்கில் கேட்கிறோம் என்று மேல் கடிதத்தில் தெளிவாக எழுத வேண்டும், வக்கீலிடமும் முதல் நாளே சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் இந்தியா என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ஆபீஸில் இந்தியா வரிசையில் போட்டுவிட்டால் அதைத் திருத்தி வாங்குவது தனிப் போராட்டம்.